சுண்ணாம்புக்காரர் கடிகாரம்

என் அப்பாவைத் திருடன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "இந்த வாட்ச் எப்படி உங்க ஃபேமிலி கைக்கு வந்துச்சு மேடம்?" என்று மட்டும்தான் கேட்டார்கள். கேட்டவருக்கு முப்பது வயது இருக்கும். சிரித்த முகம். மடியில் நோட்டு, கையில் திறந்த பேனா. நான் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தார். போலீஸ் ஸ்டேஷனிலும் இப்படித்தான் எழுதிக்கொள்வார்கள்.

அவர் பெங்களூரிலிருந்து வந்தவர். அப்பா வேலை செய்த, தோல் பதனிடும் தோல் ஷாப்பு இன்று பெரிய ஷூ கம்பெனியாகிவிட்டது. அதை ஆரம்பித்த பெரிய முதலாளியின் பேரன்தான் இப்போது முதலாளி. வெளிநாட்டிலிருந்து வரும் வியாபாரிகளுக்குக் காட்டுவதற்காக, கம்பெனி வாசலிலேயே ஒரு ஹால் கட்டிப் பழைய பொருள்களை எல்லாம் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். பழைய கத்தி, பழைய தராசு, பழைய பெட்டி. அதைச் செய்து கொடுக்கத்தான் இவரைக் கூட்டிவந்திருந்தார்கள். பெரிய முதலாளியின் போட்டோ ஒன்று இருக்கிறது. அதில் கோட்டுப் பையிலிருந்து ஒரு சங்கிலி தொங்குகிறது. சங்கிலி இருக்கிறதே, கடிகாரம் எங்கே என்று இவர்கள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் என் தம்பி வாயை விட்டுவிட்டான். அவன் அந்தக் கம்பெனியில்தான் வேன் ஓட்டுகிறான். டீ குடிக்கும் இடத்தில் நின்றுகொண்டு, "அது எங்க வீட்டு பீரோவுல இருக்கு" என்று பெருமை அடித்திருக்கிறான். மூன்றாம் நாள் நோட்டும் பேனாவும் என் வீட்டுக்கு வந்துவிட்டன.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கடிகாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் போவதாக இருந்தால், பக்கத்தில் வைக்கும் அட்டையில் அது என் அப்பாவின் கடிகாரம் என்று எழுத வேண்டும். இல்லையென்றால் அது போகாது. இதை அவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். "கண்டிப்பா மேடம், அதான் ஸ்டோரியே" என்றார். அதையும் எழுதிக்கொண்டார்.

அப்பா வேலை செய்தது சுண்ணாம்புக் குழியில். பச்சைத் தோலைச் சுண்ணாம்பும் சல்ஃபைடும் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டு மயிரைக் கழற்றும் இடம். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அங்கே நேரம்தான் எல்லாம். சீக்கிரம் எடுத்தால் மயிர் வராது. தாமதமானால் தோல் கூழாகிவிடும். வெயிலுக்கு ஒரு நேரம், மழைக்கு ஒரு நேரம். இதைப் பார்த்துச் சொல்வது அப்பாவின் வேலை. ஆனால் அவரிடம் கடிகாரம் கிடையாது. ரயில் போகும் சத்தத்தையும் பள்ளிவாசல் பாங்கையும் வைத்துத்தான் நேரம் பார்ப்பார். ரயில் லேட்டானால் தோலும் லேட். திட்டு மட்டும் அப்பாவுக்கு.

பெரிய முதலாளியின் வெள்ளிக் கடிகாரம் ஒரு நாள் நின்றுபோனது. சென்னைக்கு அனுப்பிச் சரி செய்தார். மறுபடியும் நின்றது. அவர் கையில் கட்டும் கடிகாரம் வாங்கிக்கொண்டார். பழையது ஆபீஸ் அலமாரியில் கிடந்தது. அப்பா போய்க் கேட்டார். "அது ஓடாத சனியன். உனக்கு வேணும்னா எடுத்துனு போ" என்று முதலாளி சொன்னார். சொன்னபோது இரண்டு பேர் பக்கத்தில் இருந்தார்கள். இரண்டு பேரும் செத்துவிட்டார்கள். சொன்னவரும் செத்துவிட்டார், கேட்டவரும் செத்துவிட்டார். ஒரு காகிதம் கிடையாது. தூக்கிப் போட்ட பொருளுக்கு யார் காகிதம் எழுதிக் கொடுப்பார்கள்?

அப்பா அதை மேல்விஷாரத்தில் ஒரு ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போய் ஓட வைத்தார். ஒரு தோல் வாரில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். சட்டைப் பையில் போடவே மாட்டார். சட்டைக்கு மேலே, நெஞ்சுக்கு நடுவில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி தொங்கும். "மாட்டுக்கு மணி கட்டின மாதிரி இன்னா இது? பாக்கெட்ல போடேன்" என்று அம்மா கேட்டால், "பாக்கெட்ல போட்டா ஒளிச்சு வெச்ச மாதிரி ஆய்டும்" என்பார். கம்பெனி கேட்டில் தினமும் சாயங்காலம் சோதனை போடுவார்கள். மடியை அவிழ்த்துக் காட்ட வேண்டும். அப்பா முதலில் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டுவார், பிறகுதான் மடியை. முப்பது வருஷம் தினமும் காட்டினார். அதற்குப் பிறகும், எப்படி உங்கள் கைக்கு வந்தது என்று கேட்கிறார்கள்.

குழிக்குப் பக்கத்தில் வெள்ளி நிற்காது. சல்ஃபைடு காற்று பட்டால் கறுத்துவிடும். அங்கே வேலை செய்த பெண்கள் கொலுசைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வருவார்கள். மெட்டியைக் கழற்ற முடியாதே, அது கரிக்கட்டை மாதிரி இருக்கும். கடிகாரமும் ஒரே வாரத்தில் கறுத்தது. அம்மா திருநீறு போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். மறு வாரமும் கறுத்தது. பிறகு விட்டுவிட்டாள். நான் விவரம் தெரிந்து பார்த்ததெல்லாம் கறுப்புக் கடிகாரம்தான். வெள்ளி என்று சொன்னால் பள்ளிக்கூடத்தில் யாரும் நம்பவில்லை.

பெங்களூர்க்காரர் இரண்டாம் முறை வந்தபோது ஒரு காகிதம் கொடுத்தார். கடிகாரத்தின் முகத்தில் இருக்கும் பெயரை முதல் முறையே போட்டோ எடுத்துப் போயிருந்தார், அதை வைத்து அந்தக் கடிகாரத்தைச் செய்தவரின் சரித்திரத்தை எழுதிவந்திருந்தார். தமிழிலும் இங்கிலீஷிலும், மூன்று பத்தி. இங்கிலாந்தில் ஆற்றங்கரையில் ஒரு ஊர். ஏழைக் குடும்பம். சின்ன வயதில் வேலை கற்கப் போனவர், பிறகு சொந்தக் கடை, பிறகு பெரிய பெயர், கப்பல் கப்பலாகக் கடிகாரம். 'தன் கையால் உருவாக்கிய' என்று இரண்டு இடத்தில் இருந்தது. அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர் பெயருக்குப் போதுமான இடம் கிடைத்துவிட்டது.

"எங்கப்பா பத்தி இதுல எங்க இருக்கு?" என்றேன்.

"இது மேக்கர் ஹிஸ்டரி மேடம். அப்பா ஹிஸ்டரிக்கு ஏதாவது ப்ரூஃப் இருந்தா சொல்லுங்க, நல்லா இருக்கும். ஒரு ரசீது, ஒரு லெட்டர், அந்த மாதிரி."

ரசீது. என் அப்பாவிடம் ரேஷன் கார்டைத் தவிர ஒரு காகிதமும் கிடையாது. ஆனால் கடிகாரத்தை ரிப்பேர் செய்த கடை ஞாபகம் வந்தது. மறுநாள் கடிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். வேலூரில் மாறி மேல்விஷாரம் போனேன்.

கடை இருந்தது. இப்போது அங்கே மொபைல் கவர், சுவர்க் கடிகாரம், ரிமோட், எமர்ஜென்சி லைட் எல்லாம் விற்கிறார்கள். ரிப்பேர் செய்தவர் இல்லை, அவர் மகன் இருந்தார். என் வயதுதான். கைக்குட்டையைப் பிரித்ததும் ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னாமா இது, அடுப்புல போட்டு எடுத்தியா?"

"சுண்ணாம்புக் குழியில இருந்தது பாய். எங்கப்பா தோல் ஷாப்புல வேல செஞ்சாரு. இங்கதான் ரிப்பேருக்குக் கொண்டாருவாரு."

அவர் பின்பக்க மூடியை நகத்தால் நெம்பித் திறந்தார். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு மூடியின் உள்பக்கத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"எங்கப்பா கையெழுத்து. கோழி கிளறின மாதிரி எழுதுவாரு மனுசன்."

"இன்னா எழுதியிருக்கு?"

"சூனேவாலா. உருதுல. அப்டின்னா சுண்ணாம்புக்காரரு." லென்ஸை என்னிடம் கொடுத்தார். ஊசியால் கீறின மாதிரி ஏதோ தெரிந்தது. "யாரு வாட்ச்னு மாறிடக் கூடாதுல்ல, அதுக்காக மூடிக்கு உள்ள கீறி வெப்பாங்க. எங்கப்பா யாருகிட்டயும் பேரு கேக்க மாட்டாரு, இன்னா தொழில்னுதான் கேப்பாரு. மளிகைக்காரரு, வாத்தியாரு, சூனேவாலா. கீழ பாரு, மூணு கோடு. மூணு வாட்டி கொண்டாந்துருக்காரு."

"முதலாளின்னு எங்கியாவது எழுதியிருக்கா?"

"சேட்டும் இல்ல, முதலாளியும் இல்ல. சூனேவாலாதான்."

எனக்கு அழுகை வரவில்லை. ஓங்கி யார் முகத்திலாவது குத்த வேண்டும் போல இருந்தது. சந்தோஷத்திலும் எனக்கு அப்படித்தான் வரும். பெங்களூர்க்காரர் கொடுத்த காகிதத்தை எடுத்துக் காட்டினேன். "இத செஞ்சவரு பெரிய ஆளாமே பாய்?"

அவர் படித்துவிட்டு, "தன் கையாலயா?" என்றார். பிறகு கடிகாரத்தின் உள்ளே இருந்த மெஷினைத் தூக்கி வெளியே சாய்த்தார். "வாம்மா, உன் பெரிய ஆளு கை எங்க இருக்குன்னு தேடலாம். இந்தத் தகட்டுல ரெண்டு எழுத்து குத்தியிருக்கா? இது தகடு அடிச்சவன். கூட்டுல வேற ரெண்டு எழுத்து. இது கூடு செஞ்சவன். பல்சக்கரம் ஒருத்தன், ஸ்பிரிங் ஒருத்தன், முள்ளு ஒருத்தன். எல்லாம் ஊர் ஊரா, வீடு வீடா செஞ்சு வாங்கி ஒண்ணா சேத்து, கடைசியா இவரு பேர எழுதி விப்பாரு. இவரு கடைக்காரரும்மா. நான் மொபைல் கவர் விக்கலையா, அந்த மாதிரி."

"அப்போ இவரு ஒண்ணுமே செய்யலையா?"

"பேரு போட்டாருல்ல."

அதற்குப் பிறகு அவர் காட்டியதை நான் மறக்க மாட்டேன். மெஷினுக்கு உள்ளே ஒரு சின்னக் கூம்பு, அதைச் சுற்றி ஒரு சங்கிலி. சைக்கிள் செயின் மாதிரியே கண்ணி கண்ணியாக இருக்கிறது. ஆனால் தடிமன் தலைமயிர் நான்கு சேர்ந்த அளவுதான். லென்ஸ் இல்லாமல் பார்த்தால் வெறும் நூல்.

"இத செஞ்சது எல்லாம் பொம்பளைங்க" என்றார். "சின்னப் பொண்ணுங்களும். எங்கப்பா சொல்வாரு, நானும் நெட்ல பாத்தேன். காலையில இருந்து பொழுது போற வரைக்கும் இதேதான் வேலையாம். கண்ணு அவுட்டு."

நான் இருபத்தாறு வருஷம் ஷூவின் மேல்பாகம் தைத்தவள். கறுப்புத் தோலில் கறுப்பு நூல். முப்பத்துநான்கு வயதில் கண்ணாடி போட்டேன். என் லைனில் இருந்த எல்லோருமே நாற்பதுக்குள் கண்ணாடி போட்டவர்கள். நாங்கள் தைத்து முடித்தபின் ஷூவின் நாக்கில் ஒரு பெயரை அச்சு அடிப்பார்கள். ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்தில் ஒருவராவது ஊசியைப் பிடித்திருப்பாரா? அவர்களைப் பற்றியும் எங்கேயோ மூன்று பத்தி எழுதி வைத்திருப்பார்கள், தன் கையால் உருவாக்கிய என்று. பஸ்ஸில் திரும்பி வரும்போது வழி முழுக்க இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்தக் கீறலை நான் போட்டோ எடுக்கவில்லை. தோன்றவே இல்லை. கையிலேயே இருக்கும் பொருளுக்குப் போட்டோ எதற்கு?

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். வேறு யாரும் செய்யவில்லை. நான்தான் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி என்னைப் பார்க்க வரச் சொல்லியிருந்தார். தம்பி வந்து சொன்னான். "நல்ல புடவையா கட்டிக்கினு வாக்கா." நான் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். கரி மாதிரி இருந்தது. இதை அந்த ஆபீஸ் மேஜையில், அந்தக் கண்ணாடி மேல் வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். இதை எங்களைப் போன்றவர்கள்தான் நினைப்பார்கள். தோல் ஷாப்புக்காரன் வீட்டுப் பெண் என்று பள்ளிக்கூடத்தில் என்னை ஜன்னல் ஓரமாக உட்கார வைத்தார்கள். நாற்றம் அடிக்கிறதாம். பஸ்ஸில் அப்பா ஏறினால் ஆட்கள் மூக்கைப் பொத்துவார்கள். அதனால் அவர் கல்யாணத்துக்குப் போனாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, மூன்று முறை சோப்பு போட்டுக் குளித்துவிட்டுத்தான் போவார். ஒரு பெரிய மனிதர் முன்னால் போவதற்கு முன் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது எங்கள் ரத்தத்தில் ஊறிய பயம். எனக்குக் கோபம் இருந்தது, திமிர் இருந்தது, கையில் ஆதாரமும் இருந்தது. ஆனாலும் அந்தப் பயம் போகவில்லை.

ஆம்பூர் பஜாரில் கொலுசு விற்கும் கடையில் கொடுத்தேன். "நல்லா பளபளன்னு இருக்கணும்" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வாங்கிக்கொண்டேன். ரோஸ் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். புதுக் கொலுசு மாதிரி மின்னியது. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தேன். உள்ளே என் முகம் தெரிந்தது. அவ்வளவுதான். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. கீறலும் இல்லை, மூன்று கோடும் இல்லை.

பஜாருக்கு ஓடினேன். கடைக்காரருக்கு என் கோபம் புரியவில்லை. "மெஷினக் கழட்டி பத்திரமா வெச்சுட்டு உள்ளயும் சேத்து பாலிஷ் வீல்ல புடிச்சேன்கா. உள்ள ஒரே கிறுக்கலா இருந்துச்சு. வெளிய மட்டும் செஞ்சு குடுத்தா நீங்களே வந்து கேப்பீங்க. நல்லதுதான செஞ்சேன்?"

அவர் சொன்னது சரி. உள்ளே அழுக்காக இருந்திருந்தால் நானே திரும்பிப் போய்ச் சண்டை போட்டிருப்பேன். ரேஷன் கார்டை விட்டால், என் அப்பாவுக்கு இந்த உலகத்தில் எழுத்தில் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதை நானே கொண்டுபோய் அழித்துவிட்டு வந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். முதலாளி நல்லபடியாகத்தான் பேசினார். எழுந்து நின்று கும்பிட்டார். பீங்கான் கோப்பையில் டீ வரவழைத்தார். பெங்களூர்க்காரர் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். தம்பி உட்காரவில்லை, கதவோரமாக நின்றான்.

"உங்க அப்பாவ நான் சின்ன வயசுல பார்த்திருக்கேன்மா" என்றார் முதலாளி. "ரொம்ப விசுவாசமான மனுஷன்."

பெங்களூர்க்காரர் அட்டையில் எழுதப் போவதைத் திரையில் காட்டினார். நிறுவனரின் கடிகாரம் என்று தலைப்பு. பிறகு இங்கிலாந்துக்காரர் மூன்று பத்தி. கடைசியில் ஒரு வரி: எங்கள் விசுவாசமான தொழிலாளி ஒருவரின் குடும்பம் இதைப் பாதுகாத்துத் திருப்பி அளித்தது.

"விசுவாசம்லாம் வேணாம் சார். எங்கப்பா வேல தெரிஞ்சவரு, அத எழுதுங்க" என்றேன். "அப்புறம் இது இன்னா, திருப்பிக் குடுக்கறதுன்னு? தூக்கிட்டா போனாரு, திருப்பிக் குடுக்கறதுக்கு?"

"அக்கா" என்றான் தம்பி.

"நீ சும்மா இருடா. சார், உங்க தாத்தா ஓடலன்னு தூக்கிப் போட்டத எங்கப்பா ஓட வெச்சாரு. முப்பது வருஷம் உங்க தோலு கூழாவாம இத வெச்சுத்தான் பாத்தாரு. அத எழுதுங்க."

முதலாளிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் இல்லன்னு சொல்லலையேம்மா. வெளிநாட்டுக்காரங்க பாக்கற இடம். ஆதாரம் இல்லாம எழுதினா நாளைக்கு யாராவது கேப்பாங்க" என்றார்.

ஆதாரம் இருந்தது, இப்போது இல்லை என்று சொன்னேன். சொல்லும்போதே அது பொய் மாதிரி என் காதிலேயே விழுந்தது. பெங்களூர்க்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாக மூடினார். மேல்விஷாரத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"பாய், நீங்க படிச்சீங்களே, அத இவங்ககிட்ட சொல்லுங்க."

"நீயே காட்டேன்மா, உள்ளதான இருக்கு."

"பாலிஷ் போட்டதுல போய்டுச்சு."

அவர் ஆபீஸே அதிரும்படி கத்தினார். "பாலிஷா? யாரக் கேட்டுப் போட்ட? அது இன்னா உன் காதுத் தோடா?" எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன். வாங்க வேண்டியதுதான். பிறகு அவர் தணிந்து, "சார், எங்கப்பா கையெழுத்த நான் இந்தக் கண்ணால படிச்சேன். சூனேவாலான்னு இருந்துச்சு. எங்க வந்து வேணும்னாலும் சொல்றேன்" என்றார்.

"தேங்க்யூ சார்" என்றார் பெங்களூர்க்காரர். நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

"அந்த இங்கிலாந்துக்காரரு தன் கையால செஞ்சாருன்னு எழுதியிருக்கீங்களே, அதுக்கு இன்னா ஆதாரம்?" என்று கேட்டேன். "உள்ள இருக்கற சங்கிலி பொம்பளைங்க செஞ்சது. தகடு வேற ஆளு. அவரு வெறும் கடைக்காரரு."

"டயல்ல பேர் இருக்கே மேடம்."

கடிகாரத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்துவிட்டேன். டீயைக் குடிக்கவில்லை.

தம்பி பைக்கில் கொண்டுவந்து விட்டான். வழியில் பாலத்தருகே வண்டியை நிறுத்தினான். "உனக்கு இன்னாக்கா, நீ வேலைய விட்டு நின்னுட்ட. நாளைக்கு நான்தான அவுரு மூஞ்சில முழிக்கணும்? அப்பா பேருக்காகப் பண்றியா, உன் ரோசத்துக்காகப் பண்றியா?"

"ரெண்டும் ஒண்ணுதான்டா."

"ஒண்ணு இல்ல. அப்பாவா இருந்தா குடுத்துட்டு வந்திருப்பாரு."

அவன் சொன்னது உண்மையாக இருக்கலாம். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. அப்பா கொடுத்திருப்பார், கும்பிட்டும் இருப்பார். அதற்காக நானும் கொடுக்க வேண்டுமா? தம்பியோடு இரண்டு மாதம் பேசவில்லை.

ஹால் திறந்தார்கள். வேலை செய்பவர்களின் குடும்பத்தினர் வந்து பார்க்கலாம் என்று ஒரு நாள் விட்டார்கள். தம்பியே வந்து கூப்பிட்டான். முகம் ஒரு மாதிரி இருந்தது. "வந்து பாருக்கா" என்றானே தவிர, என்ன என்று சொல்லவில்லை.

பெரிய முதலாளியின் போட்டோவுக்குக் கீழே கண்ணாடிப் பெட்டி. அதற்குள் நீல வெல்வெட்டின் மேல் ஒரு வெள்ளிக் கடிகாரம். அதே இங்கிலாந்துக்காரரின் பெயர். பளபளவென்று இருந்தது. ஒரு நிமிஷம் என் பீரோவைத் திறந்து எடுத்துவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன்.

"நெட்ல வாங்கினாங்க" என்று தம்பி காதோரமாகச் சொன்னான். "லண்டன்ல இருந்து பார்சல் வந்துச்சு. நான்தான் ஏர்போர்ட்டுக்குப் போயி எடுத்தாந்தேன். உள்ள இன்னான்னு அப்போ தெரியாது."

அட்டையைப் படித்தேன். மூன்று பத்தி அப்படியே இருந்தது. தொழிலாளி குடும்பம் என்ற வரி இல்லை. அதற்குப் பதிலாக வேறு ஒன்று இருந்தது. நிறுவனர் இந்தக் கடிகாரத்தை மார்பில் அணிந்து, வெயிலிலும் மழையிலும் சுண்ணாம்புக் குழிகளின் அருகே நின்று, தோல்களை எடுக்கும் நேரத்தைத் தாமே கண்காணித்தார்.

நான் சொன்னதுதான். வெயிலுக்கு ஒரு நேரம், மழைக்கு ஒரு நேரம் என்று என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனார்களே, அதுதான். அப்பாவை மட்டும் எடுத்துவிட்டு முதலாளியைக் குழிக்குப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டார்கள். அந்த ஆள் வாழ்நாளில் அந்தப் பக்கம் மூக்கைப் பொத்தாமல் வந்தது கிடையாது. குழியருகே ஒரு வாரம் இருந்திருந்தால் இந்தக் கடிகாரம் இந்த நிறத்தில் இருக்குமா என்று கத்த வாயெடுத்தேன். என்னுடையதும் இப்போது இதே நிறத்தில்தான் இருக்கிறது என்று ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

தம்பி என் கையைப் பிடித்தான். அவன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "வுடுக்கா. அவங்க தாத்தா வாட்ச் அவங்ககிட்டயே இருக்குன்னு அவங்களே எழுதிட்டாங்க. அப்போ நம்மகிட்ட இருக்கறது நம்மளுதுதான? இனிமே எவனும் கேக்க முடியாது. அப்பா தப்பிச்சுட்டாரு."

"தப்பிக்கறதுக்கு அவரு இன்னாடா பண்ணாரு?"

நான் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். பக்கத்தில் குழந்தையோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி கையை விட்டுவிட்டான்.

அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லி இதுவரை மூன்று முறை போய்விட்டேன். என் அப்பா பெயரைப் போடு என்று இப்போது கேட்பதில்லை. அவர் செய்த வேலையை இன்னொருவர் செய்ததாக எழுதாதே என்று மட்டும் கேட்கிறேன். முதல் முறை பெங்களூர்க்காரர், "பார்க்கிறேன் மேடம்" என்றார். இரண்டாம் முறை அவர் வேலை முடிந்து போய்விட்டார் என்றார்கள். மூன்றாம் முறை கேட்டிலேயே உட்கார வைத்துவிட்டு மத்தியானம் போகச் சொன்னார்கள். தம்பி என்னைக் கேட்டில் பார்த்தால் வேனைச் சுற்று வழியாக ஓட்டிப் போகிறான். அவன் பிழைப்பு அவனுக்கு. திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன்.